குத்துப் பாட்டுக்கு ரசீது உண்டா?

ஜிம்முக்குப் போகிறவரா நீங்கள்? (ஜனவரியில் வருஷப் பணத்தைக் கட்டிவிட்டு பிப்ரவரியிலிருந்து போகாதவர்களும் இதில் சேர்த்தி.) அப்படியென்றால் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு மாஸ்டரிடம் சொல்லி, பத்தே பத்து நிமிஷம் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

முதலில் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்கும். அப்புறம் பக்கத்து டிரெட்மில்லில் ஓடும் ரிட்டயர்டு பேங்க் மேனேஜரின் மூச்சு கேட்கும். அதற்கப்புறம், பயப்படாதீர்கள், உங்கள் மூச்சே கேட்கும். ஐந்தாவது நிமிஷம் எல்லார் கண்ணும் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். ஏழாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் ‘‘மாஸ்டர், பாட்டு என்னாச்சு?’’ என்று கேட்டே தீருவார்.

இது வெறும் பழக்கதோஷம் இல்லை. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் காராஜியார்கிஸ் என்று ஒரு பேராசிரியர். விளையாட்டையும் இசையையும் சேர்த்து வைத்து ஆராய்வதே அவருக்கு வேலை. (கொடுத்து வைத்தவர்.) 2009-ல் அவரும் சகாக்களும் ஆட்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். நடையின் தாளத்தோடு ஒத்துப்போகிற, உற்சாகமான பாட்டைப் போட்டபோது, பாட்டே இல்லாமல் நடந்ததைவிட சுமார் 15 சதவிகிதம் கூடுதல் நேரம் தாக்குப் பிடித்தார்கள். எத்தியோப்பியாவின் ஹெய்லி கெப்ரசிலாசி 1998-ல் உள்ளரங்க 2000 மீட்டரில் உலக சாதனை படைத்தபோது, ‘ஸ்கேட்மேன்’ என்ற பாப் பாட்டை அரங்கத்தில் போடச் சொல்லிக் கேட்டு வாங்கி, அந்தத் தாளத்துக்கு ஓடினார்.

ஆக, ஜிம்மில் டம்பெல் ஒரு வேலை செய்கிறது, டிரெட்மில் ஒரு வேலை செய்கிறது, பாட்டும் ஒரு வேலை செய்கிறது. டம்பெல்லுக்கு பில் உண்டு. டிரெட்மில்லுக்கு இ.எம்.ஐ. உண்டு. பாட்டுக்கு?

உண்டு என்கிறது சட்டம். ‘அப்படியா!’ என்கிறார்கள் பெரும்பாலான ஜிம்காரர்கள். இந்த ‘அப்படியா’வுக்கும் அந்த ‘உண்டு’க்கும் நடுவில் ஏகப்பட்ட வக்கீல் நோட்டீஸ்கள் பறந்துகொண்டிருக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒருவர் புறநகரில் ஜிம் வைத்திருக்கிறார். கீழே மெடிக்கல் ஷாப், மேலே ஜிம். காலையிலும் மாலையிலும் கூட்டம், மத்தியானம் ஈ. அவருக்கு ஒரு கவர் வந்தது. ‘உங்கள் இடத்தில் எங்கள் பாடல்கள் ஒலிபரப்பப்படுகின்றன, உரிமம் பெறவும், தவறினால் காப்பிரைட் சட்டப்படி நடவடிக்கை’ என்ற ரீதியில் மூன்று பக்க இங்கிலீஷ். அனுப்பிய நிறுவனம் எது என்பது இங்கே முக்கியமில்லை. மூன்றாவது பக்கத்தில் ஜெயில் என்ற வார்த்தை இருந்தது. மனுஷன் ஆடிப்போய்விட்டார். கவரை என் முன்னால் போட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். இந்த மூன்றையும் உலகத்தில் எல்லா ஜிம்காரர்களும் நூறு வருஷமாக (அதாவது ஜிம் வருவதற்கு முன்பு ஹோட்டல்காரர்கள்) கேட்டு வருவதால், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் கேள்வி: ‘‘மாசாமாசம் ஸ்பாட்டிஃபைக்குப் பணம் கட்டுறேன் சார். திருடியா போடறேன்?’’

திருடவில்லை. ஆனால் ஸ்பாட்டிஃபையில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பட்டனை அமுக்கினீர்களே, அதில் ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்கு அல்ல’ என்று போட்டிருக்கிறது. யாரும் படிப்பதில்லை, நானும் அதைத் தேடித்தான் படித்தேன். கடையில் ஒரு படத்தின் டி.வி.டி. வாங்குகிறீர்கள். வீட்டில் குடும்பத்தோடு பார்க்கலாம். அதையே தெருவில் திரை கட்டிப் போட்டு டிக்கெட் கிழித்தால் தியேட்டர்காரர் சும்மா இருப்பாரா? வாங்கியது தட்டை, உரிமையை அல்ல. இதில் நம் ஜிம்காரருக்கு வாதாட இடமே இல்லை.

இரண்டாவது கேள்வி: ‘‘அப்ப எஃப்.எம். ரேடியோ போடறேன். அதுதான் ஊருக்கே இலவசமாச்சே?’’

இது கொஞ்சம் விவரமான கேள்வி. அமெரிக்காவில் 1998-ல் இதற்காகவே ஒரு சட்டம் போட்டார்கள். 2000 சதுர அடிக்குக் குறைவான கடைகளும், 3750 சதுர அடிக்குக் குறைவான ஹோட்டல், பார்களும் ரேடியோவோ டி.வி.யோ போட்டுக்கொண்டால், இசையமைத்தவர்களுக்குப் பணம் தர வேண்டாம் என்று. சிறு வியாபாரிகள் லாபி செய்து வாங்கிய சலுகை. உடனே அயர்லாந்துக் கலைஞர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஐரிஷ் பார் இல்லாத ஊரே கிடையாது, அங்கெல்லாம் எங்கள் பாட்டு ஓசியா என்று. ஐரோப்பிய யூனியன் விஷயத்தை உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுபோனது. 2000-ல் அமெரிக்கா தோற்றது. சட்டத்தை மாற்றினார்களா? இல்லை. மூன்று வருஷத்துக்கு 33 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுத்துவிட்டு, சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பெரியண்ணன் கணக்கு எப்போதும் தனிக் கணக்குதான். நம்மூரில் அந்த மாதிரி சதுர அடிச் சலுகை கிடையாது. ரேடியோக்காரர் கட்டுவது ஒலிபரப்புவதற்கான பணம். அதை ஒரு ஹாலில் ஸ்பீக்கர் வைத்து வாடிக்கையாளர்களுக்குக் கேட்க வைப்பது தனி உரிமை என்றுதான் உரிமம் கேட்பவர்கள் சொல்கிறார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமான கேள்வி: ‘‘நான் பாட்டுக்குன்னு தனியா காசு வாங்கறேனா சார்? எடை தூக்கறதுக்குத்தானே வாங்கறேன்?’’

இதே கேள்வியை நியூயார்க்கில் ஷான்லி என்ற உணவு விடுதிக்காரர்கள் கேட்டார்கள். சாப்பிட வருபவர்களுக்காக ஒரு குழுவை வைத்து விக்டர் ஹெர்பர்ட் என்ற இசையமைப்பாளரின் பாட்டைப் பாட வைத்தார்கள். ‘நாங்கள் வாங்குவது சாப்பாட்டுக்குத்தான், பாட்டு சும்மா’ என்பது வாதம். கீழ்க் கோர்ட்டுகளில் ஜெயித்தும் விட்டார்கள். 1917-ல் கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் ரொம்ப சுருக்கமாகத் தீர்த்துவிட்டார். ஜனங்கள் பாட்டுக்காக மட்டும் வருவதில்லை, சரி. ஆனால் சாப்பாட்டுக்காக மட்டும் வருவதும் இல்லை. பாட்டினால் லாபம் இல்லையென்றால் முதலாளி அதை நிறுத்தியிருப்பாரே! அவ்வளவுதான் வாதம். நூறு வருஷம் கழித்து நம் பத்து நிமிஷப் பரிசோதனைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

அதற்கும் முன்னால் பாரீஸில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 1847-ல் எர்னஸ்ட் பூர்ஷே என்ற இசைக்காரர், நண்பர்களோடு ஓர் உல்லாச விடுதியில் உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணீர் குடித்தார். (அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம் போலிருக்கிறது.) மேடையில் அவர் எழுதிய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பில் வந்தது. ‘என் பாட்டுக்கு நீ காசு தரவில்லை, உன் தண்ணீருக்கு நான் தர மாட்டேன்’ என்று எழுந்துவிட்டார். கோர்ட்டுக்குப் போய் அவரே ஜெயித்தார். 1851-ல் ஃபிரான்ஸில் ‘சாசெம்’ என்ற ராயல்டி வசூல் சங்கம் பிறந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஆரம்பித்த சமாசாரம்.

அப்படியானால் பாட்டுப் போடுகிற எல்லோரும் கட்ட வேண்டுமா? அப்படியும் இல்லை. இத்தாலியில் டூரின் நகரத்தில் ஒரு பல் டாக்டர், கிளினிக்கில் பின்னணியாகப் பாட்டுப் போட்டார். வசூல்காரர்கள் கேஸ் போட்டார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் டாக்டர் பக்கம் நின்றது. பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவன் பாட்டுக் கேட்கவா வருகிறான்? பாட்டுப் போட்டதால் டாக்டருக்கு ஒரு பேஷண்ட்கூட அதிகம் வரப்போவதில்லை. வாயைத் திறந்து வைத்திருப்பவனுக்குக் காது கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன! நான்கு வருஷம் கழித்து, 2016-ல், ஜெர்மனியிலிருந்து இன்னொரு கேஸ். விபத்தில் அடிபட்டவர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் மறுவாழ்வு மையம். காத்திருக்கும் அறைகளிலும் பயிற்சிக் கூடத்திலும் டி.வி. வைத்திருந்தார்கள். இதில் அதே நீதிமன்றம் மாற்றிச் சொன்னது. இது பொதுமக்களுக்கு ஒலிபரப்புவதுதான், இதனால் மையத்தின் கவர்ச்சி கூடுகிறது, போட்டியில் அதற்கு அனுகூலம், ஆகவே உரிமம் வேண்டும் என்று. பல் டாக்டர் தப்பித்தார், எக்சர்சைஸ்காரர் மாட்டினார். எனக்கு இந்தப் பிரிவினை நியாயமாகவே படுகிறது. வலியில் இருப்பவனுக்குப் பாட்டு பின்னணி. ஓடுகிறவனுக்குப் பாட்டு பெட்ரோல்.

ஆக, ‘கட்டணுமா?’ என்ற கேள்விக்கு என் பதில், கட்டணும். இதை நம் ஜிம்காரரிடமே சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. காபி வாங்கித் தருவதாக இருந்தவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

ஆனால், எவ்வளவு? யாருக்கு? இங்கேதான் கவர் அனுப்பியவர்கள் முகம் சுருங்க வேண்டிய கட்டம் வருகிறது.

‘எவ்வளவு’க்கு ஆஸ்திரேலியாதான் பாடம். அங்கே ஒரு ஏரோபிக்ஸ் வகுப்புக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத்தான் ரெக்கார்டிங் கம்பெனிகளின் சங்கம் வாங்கிக்கொண்டிருந்தது. அது ரொம்ப சொற்பம் என்று காப்பிரைட் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். இந்தப் பாட்டு இருந்தால், இல்லாவிட்டால் வகுப்புக்கு எவ்வளவு தருவீர்கள் என்று ஜிம்முக்குப் போகிறவர்களிடம் சர்வே எல்லாம் எடுத்து வைத்தார்கள். 2010 மே மாதம் தீர்ப்பு: வகுப்புக்கு 15 டாலர். ஒன்றிலிருந்து இரண்டு இல்லை, மூன்று இல்லை, பதினைந்து! ஜிம்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரிஜினல் பாட்டை நிறுத்திவிட்டு, யாரோ பாடிய நகல் பாட்டுகளுக்கு மாறினார்கள். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரியும் ஒன்று, அதைப் பதிவு செய்த ரெக்கார்டிங் இன்னொன்று. 15 டாலர் கேட்டது ரெக்கார்டிங்குக்கு. வேறொருவர் பாடிய ரெக்கார்டிங் என்றால் அந்தச் சங்கத்துக்கு ஒரு சென்ட்கூட கிடையாது. விலையை ஏற்றியதும் சரக்கே விற்கவில்லை. மேல் கோர்ட்டில் அந்தத் தீர்ப்பு நடைமுறைக் காரணத்துக்காக ரத்தாகி, திரும்பவும் தீர்ப்பாயத்துக்கே வந்து சேர்ந்தது. வக்கீல்களுக்கு நல்ல எக்சர்சைஸ்.

ஆனால் ஆஸ்திரேலியர்கள் பிறகு ஒரு உருப்படியான காரியம் செய்தார்கள். 2019 ஜூலையில் மெட்டுக்காரர்கள் சங்கமும் ரெக்கார்டிங்காரர்கள் சங்கமும் சேர்ந்து ‘ஒன்மியூசிக்’ என்று ஒரே கவுன்ட்டர் திறந்துவிட்டன. ஒரு விண்ணப்பம், ஒரு பில். பிரிட்டனில் இதை அதற்கு முந்தைய வருஷமே செய்துவிட்டார்கள். கடைக்காரர் ஒரு இடத்தில் பணத்தைக் கட்டிவிட்டு அவர் வேலையைப் பார்க்கலாம், பங்கு பிரிப்பது உங்கள் பாடு.

(நடுவில் அமெரிக்காவின் பெலட்டன் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வீட்டு சைக்கிளில் திரை வைத்து, வாத்தியார் பாட்டோடு வகுப்பெடுக்கும் கம்பெனி. உரிமம் இல்லாத பாட்டுகள் என்று 2019-ல் இசைப் பதிப்பாளர்கள் 15 கோடி டாலருக்குக் கேஸ் போட்டு, பிறகு இன்னும் பாட்டுகளைக் கண்டுபிடித்து 30 கோடி ஆக்கினார்கள். 2020-ல் சமரசம். அவ்வளவு பெரிய கம்பெனியே அப்படி என்றால், மெடிக்கல் ஷாப் மாடி எம்மாத்திரம்!)

இனி நம்மூர். நம் ஜிம்காரர் நல்ல பிள்ளையாகப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவைத் தட்டுவார்?

மெட்டுக்கும் வரிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்று ஒரு சங்கம், 1969-ல் ஆரம்பித்தது. ரெக்கார்டிங்குக்கு பி.பி.எல்., 1941-லிருந்து இருக்கிறது. சில லேபிள்களின் பாட்டுகளுக்கு நோவெக்ஸ் என்று தனி கம்பெனி. ரெக்கார்டிங்குக்கே அரசாங்கத்தில் பதிவு பெற்ற சங்கம் ஆர்.எம்.பி.எல். என்று இன்னொன்று, 2021-ல் பதிவானது. பாடுகிறவர்களுக்கு 2013-ல் இஸ்ரா என்று ஒரு சங்கம். (இஸ்ரோ அல்ல. அவர்கள் மேலே மட்டும்தான் அனுப்புவார்கள், நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள்.) ஒரு குத்துப் பாட்டு நாலரை நிமிஷம். அதற்கு இத்தனை வாசல்.

சரி, இவர்களில் யாருக்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் இருக்கிறது? கேளுங்கள், இதைவிட நல்ல காமெடி இந்த வாரம் வேறு பக்கத்தில் கிடைக்காது.

காப்பிரைட் சட்டத்தின் 33-வது பிரிவு, பாட்டுக்கு லைசென்ஸ் கொடுக்கும் தொழிலைப் பதிவு பெற்ற காப்பிரைட் சங்கம் மூலமாகத்தான் செய்ய வேண்டும் என்கிறது. 30-வது பிரிவு, சொந்தக்காரர் தன் சொத்துக்குத் தானே லைசென்ஸ் கொடுக்கலாம் என்கிறது. பதிவு பெறாத ஒரு கம்பெனி, பாட்டுகளை லேபிள்களிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டு ‘நான்தான் சொந்தக்காரன்’ என்றால்? ஐ.டி. கம்பெனிகள் ஆபீஸ் விழாவில் பாட்டுப் போட்ட வழக்கில் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ‘கூடாது, பதிவு பெற்ற சங்கம்தான் கொடுக்க முடியும்’ என்றது. 2024 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், ‘தாராளமாகக் கொடுக்கலாம், சொந்தக்காரருக்கு உரிமை உண்டு’ என்றது. 2025 ஏப்ரலில் ஒரு ரெஸ்டாரன்ட் கம்பெனி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, சென்னை பக்கம் சாய்ந்து, பதிவு பெற்ற சங்கத்தின் கட்டண விகிதப்படி கட்டச் சொன்னது. அதே மாதமே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டது.

அதாவது, ஒரே பாட்டு. மும்பை ஜிம்மில் போட்டால் அந்தக் கவருக்கு மதிப்பு உண்டு. சென்னை ஜிம்மில் போட்டால் அதே கவரைப் பார்த்து ‘நீ யார் கேட்க?’ என்று கேட்கலாம். இரண்டு ஊரிலும் கிளை வைத்திருப்பவர் என்ன செய்வார்? ஒன்று செய்வார். வக்கீலுக்குக் கட்டுவார். பாட்டுக்குக் கட்டியிருந்தால் அதைவிடக் குறைவாக ஆகியிருக்கும்.

‘யாருக்கு’ என்பதில் இன்னொரு பாதி இருக்கிறது. எனக்கு அதுதான் உறுத்தல்.

நான் படித்தது பி.காம். அக்கவுன்டன்சியில் முதல் வகுப்பிலேயே தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான், ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட் உண்டு. ஜிம்காரர் கட்டினால் அவர் புத்தகத்தில் ‘இசைக் கட்டணம்’ என்று டெபிட். ரசீதும் கிடைக்கும். அதன் எதிர்ப்பக்கத்தில், பாட்டு எழுதியவர் கணக்கில், மெட்டுப் போட்டவர் கணக்கில் ஒரு கிரெடிட் விழ வேண்டுமே? விழுகிறதா?

ரொம்ப காலத்துக்கு விழவில்லை. விழக் கூடாது என்றே சட்டம் வியாக்கியானம் செய்யப்பட்டிருந்தது. சினிமாத் தயாரிப்பாளர் காசு கொடுத்துப் பாட்டு வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எல்லாம் அவருக்கே சொந்தம் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடுகிற கலைஞனுக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையே என்று வருத்தப்பட்டுத் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். வருத்தத்துக்கு வட்டி கிடையாது. மொத்தமாக ஒரு தொகை, ஒரு கையெழுத்து, அதோடு சரி. ஊரெல்லாம் அவர் பாட்டு ஒலிக்கும், அவருக்கு வாடகை பாக்கி இருக்கும்.

2012-ல்தான் மாறியது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் விடாமல் முட்டி மோதியதற்கு அதில் பெரிய பங்கு. உரிமையை விற்றாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற உபயோகங்களுக்குப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அதை எழுதி வாங்கவே முடியாது, வாரிசுக்கோ சங்கத்துக்கோ தவிர. ஜிம் ஸ்பீக்கரும் இந்த ‘மற்ற உபயோக’த்தில்தான் வருகிறது. நல்ல சட்டம். 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனபோது டீக்கடையிலிருந்து டி.வி. வரை நாம் எல்லோரும் நட்பு பெரிதா, சட்டம் பெரிதா என்று பட்டிமன்றம் நடத்தினோமே தவிர, இந்தப் பங்கு எப்படிப் பிரிகிறது என்று யாரும் கேட்கவில்லை.

எப்படிப் பிரிகிறது? ரேடியோ, டி.வி., ஆன்லைன் என்றால் எந்தப் பாட்டு எத்தனை தடவை என்று பட்டியல் இருக்கும். கணக்குப் போடலாம். ஜிம்மில், சலூனில், துணிக்கடையில்? எந்தப் பாட்டு ஓடியது என்று யார் எழுதி வைக்கிறார்கள்? உலகம் முழுக்க இந்த மாதிரி இடங்களில் வசூலாகும் பணத்தைப் பெரும்பாலும் மாதிரிக் கணக்கெடுப்பை வைத்தோ, ரேடியோ பட்டியலை வைத்தோ உத்தேசமாகத்தான் பிரிக்கிறார்கள். அதாவது, நம் மாஸ்டர் காலையில் எம்.ஜி.ஆர். பாட்டு, மாலையில் கானா என்று ஓடவிட்டாலும், பணம் எஃப்.எம்.மில் அந்த மாதம் எது ஹிட்டோ அந்தப் பக்கம் போக வாய்ப்பு அதிகம். பெரிய மரத்துக்குத்தான் தண்ணீர். ஒரே ஒரு கானா எழுதி அது மட்டும் ஜிம் ஜிம்மாக ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்த வடசென்னைப் பையனுக்கு? அவன் சங்கத்தில் உறுப்பினரே ஆகியிருக்க மாட்டான். அவனுடைய வியர்வையில்தான் உங்களுக்கு வியர்க்கிறது.

‘இதெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா சார்?’ என்று சங்கத்துக்காரர்கள் சொல்லலாம். என் பக்கத்து வீட்டுப் பெண், டீக்கடையில் எங்கோ ஒலிக்கிற பாட்டுக்கு நேராகப் போனை நீட்டுகிறாள். ஐந்து விநாடியில் படம், பாடகர், வருஷம் எல்லாம் வந்து விழுகிறது. வசூல் பண்ணும்போது எந்தெந்த ஜிம்மில் பாட்டு ஓடுகிறது என்று ஆள் அனுப்பிக் கண்டுபிடிக்க முடிகிறது. பங்கு பிரிக்கும்போது மட்டும் என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் எப்படி?

அப்புறம் அந்தக் கவரின் பாஷை. காப்பிரைட் மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்பது 63-வது பிரிவு. உண்மைதான். ஆனால் ஒரு வியாபாரி தன் வாடிக்கையாளருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே ஜெயிலைக் காட்டுவாரா? பால்காரர் முதல் நாளே ‘பாக்கி வைத்தால் போலீஸ்’ என்று சொல்லிவிட்டா பால் ஊற்றுகிறார்? கட்டண விகிதத்தை நீங்களே நிர்ணயித்து, நீங்களே பில் போட்டு, நீங்களே மிரட்டினால், எதிராளிக்கு அது பாட்டுக்கான கூலியாகத் தெரியாது, மாமூலாகத்தான் தெரியும். மாமூலை யாரும் மனசார கொடுப்பதில்லை. முடிந்தவரை டபாய்ப்பார்கள். பாட்டு எழுதியவனுக்குச் சேர வேண்டியது அங்கேதான் நஷ்டமாகிறது.

சின்ன ஜிம்முக்கு அமெரிக்கா மாதிரி முழு விலக்கு கொடுக்கலாமே என்று கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. பூஜ்யம் என்று ஆக்கிவிட்டால் பாட்டு மறுபடியும் ‘சும்மா’ ஆகிவிடும், ஷான்லி ஹோட்டல் மாதிரி. அதற்குப் பதில் சதுர அடிக்கோ உறுப்பினர் எண்ணிக்கைக்கோ ஏற்ற மாதிரி, கரன்ட் பில்லில் நூறில் ஒரு பங்கு என்று சொல்லுகிற அளவில் ஒரு சின்னத் தொகை, ஒரே கவுன்ட்டர், தமிழில் ஒரு பக்கம் விண்ணப்பம். யாரும் மறுக்க மாட்டார்கள்.

நம் ஜிம்காரர் கடைசியில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கவர் அனுப்பியவர்களுக்குப் பதில் கடிதம் எழுதினார். வரைந்து கொடுத்தது நான்தான், மூன்றே வரி. ஒன்று, நீங்கள் பதிவு பெற்ற சங்கமா, பதிவு எண் என்ன? இரண்டு, எந்தெந்தப் பாட்டுகள் உங்களுடையவை, பட்டியல் எங்கே? மூன்று, நான் கட்டும் பணத்தில் பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் எவ்வளவு போகிறது? முதல் இரண்டுக்கும் ஏதோ பதில் மாதிரி ஒன்று வந்தது. மூன்றாவதை அவர்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. மறுபடி எழுதியிருக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு ‘எங்கள் அபார்ட்மென்ட்டில்கூட ஜிம் இருக்கிறதே, நாங்களும் கட்டணுமா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வேண்டாம். குடியிருப்பவர்களின் பொது ஹாலில், அவர்களுக்காக மட்டுமோ முக்கியமாக அவர்களுக்காகவோ ரெக்கார்டிங் போட்டுக்கொள்வது காப்பிரைட் மீறல் இல்லை என்று 52-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. லாப நோக்கமில்லாத கிளப்புக்கும் உண்டு. கல்யாணத்துக்கும் உண்டு. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பவரை யாரும் எதுவும் கேட்க முடியாது. ஆனால் உங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி, மெயின்டனன்ஸ் கட்டணத்தைக் குறைக்கலாம் என்று வெளி ஆட்களையும் மாதம் இவ்வளவு என்று சேர்க்க ஆரம்பித்திருக்கிறாரா? முதலில் அதை விசாரியுங்கள்.